நெல்லுக்கு விலையா, கையில் பணமா, துறைமுகத்தில் வரியா: மனுவில் எதைக் கேட்பது?

ஊரிலிருந்து விவசாய சங்கத்தார் டெல்லிக்கு வந்தால் இங்கே இருக்கும் தமிழர்களில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். தங்க இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும், ஜந்தர் மந்தருக்கு வழி சொல்ல வேண்டும், கடைசியில் மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். அப்படி மாட்டிக்கொண்ட வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள்: முதல் கோரிக்கையாக எதை வைப்பது?

டெல்டாக்காரர் ஆதரவு விலைக்கு (அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்கு) சட்ட உத்தரவாதம் வேண்டும் என்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்து மானாவாரி விவசாயி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். பொள்ளாச்சித் தென்னைக்காரருக்குப் பாமாயில் இறக்குமதி நின்றால் போதும். நடுவே படித்தவர் ஒருவர் "டபிள்யூ.டி.ஓ. (உலக வர்த்தக அமைப்பு) விடாது" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். உண்மையில் விடுமா, விடாதா? ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் வேறு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டபிள்யூ.டி.ஓ. இருக்கும் ஜெனீவாவில் சிக்கல் குறைந்த உதவிக்கு வயலில் பலனும் குறைவு. வயலில் பலன் தருகிற உதவிகள்தான் வர்த்தக ஒப்பந்தங்களில் முதலில் அடிபடுகின்றன. ஆகவே எல்லாவற்றிலும் சிறந்த கோரிக்கை என்று ஒன்று கிடையாது. பயிரைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் நான்கு. உலக வர்த்தக விதிகளில் அந்த உதவி நிற்குமா? பணம் உண்மையில் உழுகிறவர் கைக்குப் போகுமா, பட்டாதாரர் கைக்கா? செலவு யார் தலையில் விழுகிறது: அரசா, வாங்கிச் சாப்பிடுகிறவரா, இன்னொரு விவசாயியா? நாளைக்கு அரசு மனம் மாறினால் அதை எவ்வளவு சுலபமாக எடுத்துவிட முடியும்?

நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலாவது.

## விதிகள், சுருக்கமாக

1994இல் மராகேஷில் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தம் மானியங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தது. விலையையோ விளைச்சலையோ நேரடியாகத் தூக்கிவிடும் மானியம் மஞ்சள் பெட்டி. வளரும் நாடுகள் இதை ஒரு பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை கொடுக்கலாம். விளைச்சலோடு தொடர்பில்லாத உதவி பச்சைப் பெட்டி. அதற்கு உச்சவரம்பு இல்லை. வசதியற்ற விவசாயிகளுக்கு வளரும் நாடுகள் தரும் இடுபொருள் மானியத்துக்கு 6.2 என்ற பிரிவில் தனி விலக்கு இருக்கிறது. இறக்குமதி வரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உச்சவரம்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தில் யார் நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தார்களோ அவர்களுக்கு நிறையக் கொடுக்கும் உரிமை நிலைத்துவிட்டது. அமெரிக்கா 10 சதவீதக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை மஞ்சள் பெட்டியில் கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதைவிட மிக அதிகம். இந்தியாவுக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. ஏழை நாடுகளின் புகார் இங்கேதான் தொடங்குகிறது, அது நியாயமான புகார்தான்.

## வழி 1: ஆதரவு விலையும் கொள்முதலும்

டெல்டா விவசாயிக்கு இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்தால் வியாபாரி கேட்கும் விலை ஏறும், திறக்காவிட்டால் இறங்கும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. இந்த அளவுக்கு நேரடியாக வயலைத் தொடும் உதவி வேறில்லை. குத்தகைக்கு உழுகிறவரும், அடங்கல் நகல் (கிராமப் பயிர்ப் பதிவின் நகல்) கையில் இருந்தால், நெல்லைக் கொண்டுபோய்ப் போடலாம்.

ஜெனீவாவில் சிக்கல் இருப்பதும் இதற்குத்தான். மானியத்தைக் கணக்கிடும் முறை விசித்திரமானது. அரசு அறிவிக்கும் விலையை இன்றைய உலகச் சந்தை விலையோடு ஒப்பிடுவதில்லை. 1986-88 ஆண்டுகளின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். இந்திய அரிசிக்கு அந்த விலை டன்னுக்கு 262.51 டாலர். 2024-25இல் சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை 2,300 ரூபாய். நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்று வைத்தால் ஒரு டன் அரிசி சுமார் 34,300 ரூபாய், அதாவது ஏறத்தாழ 410 டாலர். 2024இல் உலகச் சந்தையில் தாய்லாந்து அரிசி டன் 500 டாலருக்கு மேல் விற்றது. நம் விவசாயி உலக விலையைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறார். ஆனாலும் காகிதத்தில் அவர் டன்னுக்கு 145 டாலருக்கு மேல் மானியம் பெற்றவர்!

இந்தக் கணக்குப்படி இந்தியா 2018-19இல் அரிசிக்கு 10 சதவீத எல்லையைத் தாண்டியது. 4,367 கோடி டாலர் உற்பத்திக்கு 500 கோடி டாலர் மானியம் என்று இந்தியாவே அறிவித்தது. வழக்கு வராமல் காப்பாற்றியது, 2013 டிசம்பரில் பாலியில் நடந்த அமைச்சர் மாநாட்டில் வாங்கிய 'சமாதானப் பிரிவு'. உணவுப் பாதுகாப்புக்காக அரசு சேமிக்கும் தானியத்துக்கு எல்லை மீறினாலும் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்ற ஏற்பாடு அது. நிரந்தரத் தீர்வு வரும்வரை அது தொடரும் என்று 2014 நவம்பரில் உறுதிசெய்தார்கள். நிரந்தரத் தீர்வுக்கான பேச்சு 2024 பிப்ரவரியில் அபுதாபி மாநாட்டிலும் முடிவில்லாமல் நின்றது.

சரி, சமாதானப் பிரிவின் நிழல் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். அந்த நிழலுக்கு நிபந்தனைகள் உண்டு. 2013 டிசம்பர் 7க்கு முன்பே நடப்பில் இருந்த திட்டங்களுக்குத்தான் அது பொருந்தும். மரபான முக்கிய உணவுப் பயிராக இருக்க வேண்டும். அரசுக் கிடங்குச் சரக்கு வெளிநாட்டுச் சந்தையைக் கெடுக்கக் கூடாது. ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். நெல்லும் கோதுமையும் தப்பித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்க்கும் பயிருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா என்பது வாதத்துக்குரிய விஷயம்.

'சட்ட உத்தரவாதம்' கேட்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் அடுத்தது. மானியத்தைக் கணக்கிடும்போது ஆதரவு விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அளவால் பெருக்குவது? இந்தியா, 'அரசு உண்மையில் வாங்கிய அளவால்' என்கிறது. அமெரிக்கா, 'விளைந்தது முழுவதாலும்' என்கிறது. 2018 மே மாதம் அமெரிக்கா போட்ட எதிர்க்கணக்கில் இந்தியாவின் அரிசி மானியம் 70 சதவீதத்துக்கும் மேல், கோதுமை மானியம் 60 சதவீதத்துக்கும் மேல் என்று வந்தது இப்படித்தான். ஒப்பந்தத்தின் வாசகம் 'அந்த விலையைப் பெறத் தகுதியுள்ள உற்பத்தி' என்கிறது. தென் கொரியாவின் மாட்டிறைச்சி வழக்கில் டபிள்யூ.டி.ஓ.வின் மேல்முறையீட்டு அமைப்பு, தகுதியுள்ளது என்றால் வாங்கியது மட்டும் என்று பொருளில்லை என்று சொல்லிவிட்டது. இனி யோசியுங்கள். எந்த வியாபாரி வாங்கினாலும் இந்த விலைக்குக் குறையக் கூடாது என்று நாமே சட்டம் போட்டால், விளைந்தது முழுவதும் தகுதியுள்ள உற்பத்தி ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் வாதத்தை நம் சட்டமே நிரூபித்துக் கொடுத்த மாதிரி.

இது கற்பனை பயம் இல்லை. கரும்பில் நடந்தே விட்டது. கரும்பை அரசு வாங்குவதில்லை. விலையை அரசு நிர்ணயிக்கிறது, ஆலைகள் பணம் கொடுக்கின்றன. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் வழக்குப் போட்டன. அரசு கைக்காசு போடவில்லையே என்பது நம் தரப்பு வாதம். 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. மத்திய அரசின் விலையையும் மாநிலங்கள் அறிவித்த விலையையும் சேர்த்தே மானியமாகக் கணக்கிட்டு, எல்லை மீறல் என்றது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை; அமெரிக்கா புதிய உறுப்பினர்களை நியமிக்க விடவில்லை. தீர்ப்பு அப்படியே அந்தரத்தில் தொங்குகிறது. இப்போதைக்கு நமக்கு இது சௌகரியம். வழக்குமன்றம் பூட்டியிருப்பதை நம்பிக் கொள்கை வகுக்கலாமா என்பது உங்கள் யோசனைக்கு.

மறைந்திருக்கும் செலவுகள் ஊரிலும் இருக்கின்றன. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் முளைக்கும் நெல், 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பும் லோடு, கொள்முதலே இல்லாத பயிர்க்காரருக்கு ஒன்றுமில்லாத நிலை. மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015இல் தந்த அறிக்கை, ஆதரவு விலையில் விற்கிற விவசாயிகள் நாட்டில் 6 சதவீதம்தான் என்றது. அப்புறம், அரிசி விலை ஏறினால் அரசு ஏற்றுமதிக்குத் தடை போடுகிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்குப் போட்ட தடை 2024 செப்டம்பர் வரை இருந்தது. வெளிச்சந்தையில் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய லாபம் அதில் போய்விட்டது. அந்த இழப்பு எந்த மானியக் கணக்கிலும் வராது.

எனவே நெல்லுக்கு என் யோசனை இது: எல்லா விளைச்சலுக்கும் விலை உத்தரவாதம் என்று எழுதாதீர்கள். மாவட்டவாரியாகக் கொள்முதல் அளவை முன்கூட்டியே அறிவிக்கும்படி கேளுங்கள். அளவை முன்பே அறிவித்தால் 'தகுதியுள்ள உற்பத்தி' அந்த அளவோடு நிற்கிறது என்று வாதாட இடம் கிடைக்கும். விவசாயிக்கோ, நிலையம் திறக்கும் என்ற நிச்சயம் கிடைக்கும். டெல்டாவில் அந்த நிச்சயம்தான் விலை.

## வழி 2: ஏக்கருக்குப் பணம்

சர்வதேச விதிகளில் பிரச்சினை மிகக் குறைவான வழி. என்ன பயிர் போட்டாய், என்ன விலைக்கு விற்றாய் என்று கேட்காமல் கொடுக்கும் பணம் பச்சைப் பெட்டிக்குள் போகும். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஐரோப்பா 2003க்குப் பிறகு தன் மானியத்தில் பெரும் பகுதியை இந்த வடிவத்துக்கு மாற்றியதன் காரணம் இதுதான்.

நம்மிடம் இருக்கும் உதாரணம் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம். 2019 பிப்ரவரியில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று தொடங்கியது. விலைவாசி எத்தனை ஏறியும் தொகை 6,000தான். விவசாயக் கூலி, டீசல், உழவு வாடகை எல்லாம் ஏறியிருக்க, அதே தொகை ஆண்டுக்கு ஆண்டு சிறுக்கிறது. பச்சைப் பெட்டியின் இலக்கணமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. தொகையை ஏற்ற எந்த ஒப்பந்தமும் தடையில்லை. ஆனால் இன்னொரு குறை இலக்கணத்திலேயே இருக்கிறது. விலை சரியும்போது பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் அது பச்சைப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். மத்தியப் பிரதேசம் 2017இல் பாவாந்தர் என்ற பெயரில் விலை வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்துப் பார்த்தது. அப்படிப்பட்ட திட்டம் மஞ்சள் பெட்டிக்குத்தான் போகும். அரசுதான் மீதியைக் கொடுக்கிறதே என்று வியாபாரிகள் விலையை அழுத்துகிறார்கள் என்ற புகார் அங்கே வேறு எழுந்தது. விவசாயிக்குப் பணம் மிகவும் தேவைப்படும் ஆண்டில், இந்த வழி அவரைக் கண்டுகொள்ளாது.

மெக்சிகோவின் அனுபவம் பாடமாகவே இருக்கிறது. 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தபோது மக்காச்சோள இறக்குமதி வரியை நீக்க 15 ஆண்டு அவகாசம் வாங்கினார்கள். இறக்குமதி போட்டியைத் தாங்க, புரோகாம்போ என்ற பெயரில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். அவகாசம் காகிதத்தில் இருந்தது. ஆனால் வரியில்லா ஒதுக்கீட்டுக்கு மேல் வந்த மக்காச்சோளத்துக்குப் போட வேண்டிய வரியை மெக்சிகோ அரசே பல ஆண்டுகள் வசூலிக்கவில்லை. ஹெக்டேர் கணக்கில் கொடுத்த பணமோ நிலம் அதிகம் உள்ளவருக்கு அதிகமாகப் போனது.

நம் ஊரிலும் அதே ஓட்டைதான். பி.எம். கிசான் பட்டா இருப்பவருக்கு. கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாக உழுகிறவருக்கு அது இல்லை. வாய்வழிக் குத்தகைக்காரருக்கும் இல்லை. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகை விவசாயிகளையும் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டது. பணம் கேட்கிற மனுவில் அந்த முன்மாதிரியைக் காட்டலாம்.

எப்போது இது நல்ல வழி? கொள்முதல் நிலையமே இல்லாத மானாவாரிப் பகுதிக்கு. பல பயிர் கலந்து போடுகிறவருக்கு. எதை விற்றாலும் ஆதரவு விலை கிடைக்காதவருக்கு. வருமானத்துக்கு இது ஈடாகாது. விதை வாங்கும் நேரத்தில் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க உதவும்.

## வழி 3: இறக்குமதி வரி

தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர், எண்ணெய் வித்து, பால். இவற்றுக்குக் கொள்முதல் பேச்சைவிடத் துறைமுகம்தான் முக்கியம்.

இதில் பெரும்பாலோருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. டபிள்யூ.டி.ஓ.வில் நமக்கு இடம் தாராளமாக இருக்கிறது. பாமாயிலுக்கு நாம் எழுதிக் கொடுத்த உச்சவரம்பு 300 சதவீதம். பருப்புகளில் பலவற்றுக்கு 100. சோயா எண்ணெயில் மட்டும் 45 என்று இறுக்கமாக மாட்டிக்கொண்டோம். ஆனால் 2024 செப்டம்பருக்கு முன் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரி பூஜ்யம். அந்த மாதம் 20 சதவீதம் ஆக்கினார்கள். 2025 மே மாதக் கடைசியில் 10க்கு இறக்கினார்கள். 300 வரை போகலாம் என்ற உரிமையை வைத்துக்கொண்டு பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவே ஆடியது ஜெனீவாவின் கட்டாயத்தால் இல்லை. நகரத்து எண்ணெய் விலையைப் பார்த்து. பட்டாணிப் பருப்பை 2023 டிசம்பரிலிருந்து வரியில்லாமல் விட்டதும், 2025 ஆகஸ்டில் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை ஆண்டு முடிவு வரை நிறுத்தியதும் அப்படித்தான். ஒப்பந்தத்தைத் திட்டுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

கானாவில் 2003இல் இதைவிட மோசம். கோழி இறைச்சி இறக்குமதி வரியை 20இலிருந்து 40 சதவீதமாக நாடாளுமன்றமே ஏற்றியது. அவர்களின் உச்சவரம்பு அதைவிட மிக அதிகம், விதிமீறல் எதுவும் இல்லை. ஆனாலும் சர்வதேச நாணய நிதியத்தோடு பேசிய பிறகு அதை நிறுத்திவைத்தார்கள்.

உண்மையில் இடத்தைக் குறுக்குவது இரு நாட்டு, பல நாட்டுத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் பாமாயில், காபி, தேயிலை, மிளகு ஆகியவற்றைச் 'சிறப்புப் பொருள்' என்று தனியே வைத்தார்கள். விலக்கு இல்லை, மெதுவான குறைப்பு. கச்சா பாமாயில் 37.5, தேயிலையும் காபியும் 45, மிளகு 50 சதவீதம் என்று படிப்படியாக இறங்கியது. இடது முன்னணி கேரளத்தில் 2009இல் மனிதச் சங்கிலி நடத்தியது இதை எதிர்த்துத்தான். அதே மண், அதே மிளகு கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் இருக்கிறது. நம் பக்கம் அந்த அளவுக்குச் சத்தம் கேட்கவில்லை.

வரி எவ்வளவு என்பது பாதிக் கதைதான். சரக்கு எந்த வழியாக வருகிறது என்பது மறுபாதி. இலங்கையோடு உள்ள ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக வேடம் போட்டு வருகிறது என்ற புகார் நீண்ட காலமாக உண்டு. அதனால் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். ரப்பரில் வேறு தந்திரம். இயற்கை ரப்பருக்கு 25 சதவீத வரி இருக்கிறது. அதில் கொஞ்சம் வேறு பொருள் கலந்து 'கலவை ரப்பர்' என்று கொண்டுவந்தால் வரி குறைவாக இருந்தது. 2023 பட்ஜெட்டில் அதையும் 25க்கு உயர்த்தினார்கள். ஆசியான் சலுகையில் வரும் சரக்கை அது தொடவில்லை. குமரி மாவட்ட ரப்பர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாலில் மட்டும் அரசு இதுவரை பிடிவாதமாக இருக்கிறது. 2019 நவம்பரில் பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான ஆர்.சி.இ.பி.யிலிருந்து இந்தியா விலகியதற்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பால் பொருள்கள் மீதான பயம் முக்கியக் காரணம். 2022 டிசம்பரில் வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்திலும் 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் பால் பொருள்களை வெளியே வைத்துவிட்டார்கள். சங்கங்கள் சத்தம் போட்ட பொருள் பட்டியலுக்கு வெளியே நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிலிப்பைன்ஸ் எதிர்த்திசையில் போன நாடு. அரிசி இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ள டபிள்யூ.டி.ஓ.வில் அவர்களுக்கு 2017 வரை சிறப்பு அனுமதி இருந்தது. அது முடிந்ததும் 2019 பிப்ரவரியில் சட்டம் போட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆசியான் அரிசிக்கு 35 சதவீத வரி என்று மாற்றினார்கள். வரி வருமானத்திலிருந்து இயந்திரத்துக்கும் விதைக்கும் ஆண்டுக்கு 1,000 கோடி பெசோ ஒதுக்கினார்கள். அந்த ஆண்டே நெல் விலை சரிந்தது. 2024இல் அரிசி விலை ஏறியதும் வரியை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். 2025 செப்டம்பரில் இறக்குமதியையே 60 நாள் நிறுத்த வேண்டி வந்தது. வரி மட்டுமே பாதுகாப்பு என்று நின்றால் அதை அசைக்க ஓர் அரசாணை போதும்.

இந்த வழியின் செலவை அரசு ஏற்பதில்லை. கடையில் எண்ணெய் வாங்குகிறவர் ஏற்கிறார். அவர்களில் நிலமில்லாத கூலிக்காரரும் உண்டு. இன்னொன்று, ஏற்றுமதி ஆகும் பயிருக்கு வரியால் ஒரு பயனும் இல்லை. உலக அரிசி வர்த்தகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நம் சரக்கு. அரிசிக்கு 70 சதவீத வரி இருந்தால் என்ன, 700 இருந்தால் என்ன? வெளியிலிருந்து வர ஆளில்லை.

## உரமும் மின்சாரமும்

இதை முதல் கோரிக்கையாக வைக்கத் தேவையில்லை. 6.2 பிரிவின் நிழல் இருக்கிறது. இந்திய விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் வசதியற்றவர்கள் என்றே நாம் ஜெனீவாவில் அறிவித்திருக்கிறோம். தமிழகத்தில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1990இலிருந்து எல்லாருக்கும் இருக்கிறது. ஆபத்து நிலத்தடி நீருக்கு, ஒப்பந்தத்தால் இல்லை.

## ஒப்பந்தமே வேண்டாம் என்றால்?

மேடையில் கைதட்டல் வாங்கும் கோரிக்கை. டபிள்யூ.டி.ஓ.விலிருந்து ஆறு மாத அறிவிப்புக் கொடுத்து விலகலாம், விதி இடம் தருகிறது. விலகினால் நம் இறாலுக்கும் மசாலாவுக்கும் அரிசிக்கும் மற்ற நாடுகள் எவ்வளவு வேண்டுமானாலும் வரி போடலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது இறால் பண்ணைக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். விதி இருக்கும்போதே அப்படி. ஆனால் புதிய ஒப்பந்தத்தில் ஒரு பொருளைச் சேர்க்காதே என்று கேட்பது வேறு விஷயம், அது பலிக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கொள்முதல் | ஏக்கருக்குப் பணம் | இறக்குமதி வரி |
|---|---|---|---|
| உலக விதியில் | சமாதானப் பிரிவின் நிழல், நிபந்தனைகளோடு | சிக்கல் இல்லை | டபிள்யூ.டி.ஓ.வில் இடம் தாராளம். தடையற்ற ஒப்பந்தங்களில் குறுகுகிறது |
| குத்தகைக்காரருக்கு | அடங்கல் இருந்தால் உண்டு | தனியே சேர்த்தால்தான் | விற்கும் எவருக்கும் உண்டு |
| செலவு யாருக்கு | அரசுக்கு | அரசுக்கு | வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு |
| அரசு எடுத்துவிட நினைத்தால் | கடினம். வீதிக்கு வந்துவிடுவார்கள் | எடுக்கத் தேவையில்லை, ஏற்றாமல் விட்டால் போதும் | ஒரே இரவில் ஓர் அறிவிக்கை |
| பொருந்தும் பயிர் | நெல், ஓரளவு பயறு | மானாவாரி, கலப்புப் பயிர் | தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை, பால் |

## யார் எதைக் கேட்கலாம்

நெல் மட்டும் போடும் டெல்டா சங்கம் கொள்முதல் அளவையும் ஈரப்பதத் தளர்வையும் முதலில் வைக்கட்டும். விலை உயர்வு இரண்டாவது. தென்னை, ரப்பர், மிளகுக்காரர்கள் ஆதரவு விலைக் கூட்டணியில் பேருக்கு நின்றுவிட்டு வருவதால் லாபமில்லை. கொப்பரைக்கு ஆதரவு விலை இருக்கத்தான் செய்கிறது. பாமாயில் மலிவாக வந்து இறங்கும் ஆண்டில் அது தாங்காது. அவர்கள் கேட்க வேண்டியது ஒரு குறைந்தபட்ச வரி: உலக விலை எவ்வளவு ஏறினாலும் இதற்குக் கீழே இறக்க மாட்டோம் என்ற அறிவிப்பு.

குத்தகை விவசாயிகள் அதிகம் உள்ள சங்கம் பணத்தைக் கேட்கட்டும். ஆனால் 'உழுகிறவருக்கு' என்ற சொல் இல்லாமல் அந்த வரியை எழுத வேண்டாம். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பயனாளிப் பட்டியலாக ஏற்கும்படி கேட்கலாம். வாழை, மரவள்ளி, காய்கறிக்காரர்களுக்கு இந்த மூன்றும் அரைகுறைதான். அவர்களுக்குக் குளிர்பதனக் கிடங்கும் சந்தையும். அவை பச்சைப் பெட்டிக்குள் வரும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

## மனு எந்தக் கதவுக்கு

டெல்லிக்கு வருகிற மனுக்களில் பாதி வேளாண் அமைச்சர் பேருக்கே எழுதப்படுகின்றன. அங்கே போய்ப் பாமாயில் வரியைக் கேட்டால் அன்பாக வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஈரப்பதத் தளர்வு உணவுத் துறையின் வேலை.  இறக்குமதி வரியை ஏற்றும் இறக்கும் அறிவிக்கை நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையில் பிறக்கிறது. எந்தப் பொருளை எந்த ஒப்பந்தப் பட்டியலில் வைப்பது என்பதை அக்பர் சாலை வணிஜ்ய பவனில் வர்த்தக அமைச்சகம் பேசுகிறது.

அரசியல் சட்டப்படி விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; சர்வதேச ஒப்பந்தம் மத்திய அரசின் கையில். பேச்சு மேசையில் தமிழகத்துக்கு நாற்காலி இல்லை. எனவே மனுவின் நகல் ஒன்றை மாநில வேளாண் துறைக்கும், ஒன்றை உங்கள் தொகுதி எம்.பி.க்கும் கொடுத்து, நாடாளுமன்றக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வந்துவிட்டால் அடுத்த முறை அதை வைத்துப் பேசலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வரி பற்றிய மனுவில் பொருளின் பெயரோடு சுங்க அட்டவணை எண்ணையும் எழுதுங்கள். அதிகாரிகள் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பாமாயில் 1511, மிளகு 0904, இயற்கை ரப்பர் 4001, கலவை ரப்பர் 4005. ரப்பர் சங்கத்தார் 4001ஐ மட்டும் எழுதி 4005ஐ விட்டுவிட்டால், கேட்டது முழுவதும் கிடைத்தாலும் சரக்கு அடுத்த எண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும்.